தாழ்மையும் தாழ்நிலையும்: மீட்பரின் எளிய பிறப்பைத் தமிழ் மொழிந்த முறை

ஆய்வுச் சுருக்கம்

உலகின் மீட்பர் மாட்டுத் தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட குழந்தையாகப் பிறந்தார் என்பது கிறித்தவத்தின் அடிப்படை நம்பிக்கைகளுள் ஒன்று. பிறப்பைக் கொண்டே ஒருவரின் நிலையை அளந்த தமிழ்ச் சமூகத்தில் இந்நம்பிக்கையை எடுத்துரைப்பது எளிதாக இருந்திருக்க முடியாது. தேம்பாவணி, பெத்லகேம் குறவஞ்சி, விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்புகள் ஆகியன இப்பிறப்பை எவ்வாறு மொழிந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பண்பைக் குறிக்கும் ‘தாழ்மை’, சமூக இருப்பைக் குறிக்கும் ‘தாழ்நிலை’ ஆகிய இரண்டு பொருள்களுக்கிடையே தமிழ்க் கிறித்தவ மொழி நகர்ந்த வரலாற்றைத் திருவண்ணாமலை, கீழ்பென்னாத்தூர் வட்டாரப் பின்புலத்தோடு இணைத்து இது விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முன்னணை, குடில், தாழ்நிலை, தேம்பாவணி, பெத்லகேம் குறவஞ்சி, வல்லாள மகாராசன், கீழ்பென்னாத்தூர்.

1. முன்னுரை

திருவண்ணாமலைக்குக் கிழக்கே செஞ்சி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் கீழ்பென்னாத்தூர். நெல்லும் மணிலாவும் விளையும் இப்பகுதியில் கால்நடை வளர்ப்பு உழவோடு பிரிக்க முடியாதது. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுப்பட்டி மடக்குவதும், மணிலாக் கொடியை மாட்டுக்குத் தீனியாகச் சேமிப்பதும் இங்கு அன்றாடச் செயல்கள். சைவத்தின் பெருந்தலமான அண்ணாமலையின் நிழலில் இருக்கும் இவ்வட்டாரத்தில் கிறித்தவ ஆலயங்களும் உள்ளன. மார்கழி மாதத்தில் அவ்வாலயங்களில் வைக்கோலும் ஓலையும் கொண்டு குடில் அமைக்கப்படுகிறது.

இக்காட்சி இன்று பழகிப்போன ஒன்று. ஆயினும் அதன் உள்ளீடான கருத்து தமிழ் இலக்கிய மரபுக்கும் சமூக மரபுக்கும் முன் ஒரு கடினமான வினாவை வைத்தது. தண்டியலங்காரம் வகுத்த பெருங்காப்பிய இலக்கணம் தன்னிகரற்ற தலைவனை வேண்டுகிறது. சிற்றிலக்கியங்களின் பாட்டுடைத் தலைவர் தெய்வமாகவோ அரசராகவோ வள்ளலாகவோ இருப்பர். தச்சர் வீட்டுப் பிள்ளையாய், தங்க இடமற்ற தாய்க்குப் பிறந்த ஒருவரை இம்மரபுக்குள் எவ்வாறு பாடுவது? ‘தாழ்ந்த பிறப்பு’ என்னும் தொடர் சாதியைச் சுட்டும் சமூகத்தில், இறைவன் தாழப் பிறந்தான் என்று சொன்னால் கேட்போர் என்ன பொருள் கொள்வர்? இவ்விரண்டு வினாக்களே இக்கட்டுரையின் களம்.

2. நற்செய்தி நூல்கள் தரும் செய்தி

இயேசுவின் பிறப்பை மத்தேயு, லூக்கா ஆகிய இரண்டு நற்செய்திகளே விரிவாகக் கூறுகின்றன. மத்தேயு தாவீது அரச மரபின் வழிமுறையையும் கிழக்கிலிருந்து வந்த ஞானியரையும் முதன்மைப்படுத்துகிறார். லூக்கா தீவனத் தொட்டியையும் இரவுக்காவல் காத்த ஆயரையும் முதன்மைப்படுத்துகிறார். அரச மரபும் வறிய பிறப்பும் ஆகிய இவ்விரு இழைகளும் மூலநூல்களிலேயே பின்னிக் கிடக்கின்றன.

லூக்கா நற்செய்தியில் தொழுவமோ குகையோ குறிப்பிடப்படவில்லை. தீவனத் தொட்டி மட்டுமே மும்முறை சுட்டப்படுகிறது. குகை என்னும் செய்தி, இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜஸ்டினின் எழுத்திலும் யாக்கோபின் பெயரால் வழங்கும் முன்னற்செய்தியிலும் காணப்படுவது. நான்காம் நூற்றாண்டில் பெத்லகேமில் எழுப்பப்பட்ட ஆலயமும் ஒரு குகையின் மேலேயே அமைந்தது. குடும்பத்தின் வறுமைக்கு லூக்கா தரும் மற்றொரு சான்று, பெற்றோர் கோவிலில் செலுத்திய காணிக்கையாகும். ஆட்டுக்குட்டி கொடுக்க இயலாதோர் இரண்டு புறாக்களைக் கொடுக்கலாம் என லேவியர் நூல் வகுத்த விதிவிலக்கையே அவர்கள் பின்பற்றினர்.

ஆகவே எளிய பிறப்பு என்பது பிற்காலப் பக்தர்கள் கூட்டிய அலங்காரம் அன்று. தங்குமிடம், படுக்கை, காணிக்கை, முதலில் செய்தி பெற்றோர் என நான்கு நிலைகளில் லூக்கா அதனை நிறுவுகிறார்.

3. அண்ணாமலையில் குழந்தையான இறைவன்

கிறித்தவம் வருமுன்பே, இறைவன் இறங்கி வருவதைப் பேசுவதற்கான மொழி தமிழில் செழித்திருந்தது. அவ்வகையில் திருவண்ணாமலைத் தலமரபே ஒரு சிறந்த சான்றை வழங்குகிறது. சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் கூறும் வல்லாள மகாராசன் கதையில், பிள்ளைப்பேறற்ற மன்னனைச் சோதிக்க அடியார் வேடத்தில் வந்த சிவபெருமான், அரசி நெருங்கியபோது குழந்தையாக மாறுகிறார். மன்னன் எடுத்து அணைக்க, மறைகிறார். மகனாக வந்தமையால் வல்லாளனுக்கு இறுதிக்கடன் ஆற்றும் பொறுப்பையும் ஏற்கிறார். மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி வல்லாளனுக்குத் திதி கொடுக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. போசள மன்னன் மூன்றாம் வீர வல்லாளனோடு இம்மரபு தொடர்புபடுத்தப்படுகிறது.

அடிமுடி காணமுடியாத சோதித்தூணாக நின்ற இறைவனே கைக்குழந்தையாகவும் ஆனான் என்பது இவ்வட்டார மக்களுக்கு வியப்பான செய்தி அன்று. எனினும் இங்குக் குழந்தை தோன்றும் இடம் அரண்மனை. கருவாய்க்கும் பிறப்பு இல்லை. சிவனுக்குப் பிறப்பில்லை என்னும் சைவ சித்தாந்தக் கோட்பாட்டைக் கதை மீறவில்லை. மதுரைத் திருவிளையாடலில் வந்தியின் பொருட்டுப் பிட்டுக்கு மண் சுமந்த கூலியாளாக இறைவன் வருகிறான். அங்கு எளிய தொழில் உண்டு. எளிய பிறப்பு இல்லை.

வைணவம் இன்னும் நெருங்கி வருகிறது. இறைவனின் மேன்மையாகிய பரத்துவத்தோடு, அவன் அடியார்க்கு எளியனாகும் சௌலப்பியத்தையும் வைணவ உரையாசிரியர்கள் போற்றினர். வெண்ணெய் களவுக்காக உரலோடு கட்டுண்ட கண்ணனின் எளிமையை எண்ணி நம்மாழ்வார் ஆறு மாதம் மயங்கிக் கிடந்தார் என்பது குருபரம்பரை வழக்கு. சிறையில் பிறந்து ஆயர்பாடியில் வளர்ந்த கண்ணன் கதைக்கும் பெத்லகேம் கதைக்கும் புறவொப்புமைகள் பல. ஆயினும் கண்ணனின் ஆயர் வாழ்வு விளையாட்டாகவும் மறைந்துறைதலாகவும் கொள்ளப்படுகிறது. பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில் பவுல் கூறுவதோ, அடிமையின் வடிவேற்றுத் தம்மை வெறுமையாக்கிய செயல். அது பிறப்பில் தொடங்கிச் சிலுவைச் சாவில் முடிகிறது. இடையில் களைந்துவிடும் வேடமாக அது கருதப்படுவதில்லை.

தமிழ்க் கிறித்தவப் புலவர் முன் இருந்த வாய்ப்பும் இடரும் இங்கு ஒருங்கே புலப்படுகின்றன. இறைவன் எளியனாதல் என்னும் கருத்துக்குச் சொற்கள் ஆயத்தமாக இருந்தன. அச்சொற்கள் சுட்டிய எளிமை மட்டும் வேறாக இருந்தது.

4. தேம்பாவணி: காப்பியம் ஏற்றிய தாழ்வு

1710-இல் இந்தியா வந்த இத்தாலியத் துறவி கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, வீரமாமுனிவராகி 1726-இல் தேம்பாவணியை இயற்றினார். மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல் எனப் பெருங்காப்பியப் பரப்பில் அமைந்த இந்நூலின் தலைவர் இயேசு அல்லர். அவருடைய வளர்ப்புத் தந்தையாகிய சூசை. வளன் என்னும் தமிழ்ப்பெயரால் அவர் அழைக்கப்படுகிறார். தச்சுத் தொழிலாளி ஒருவரைக் காப்பியத் தலைவராக்கியமை தமிழ் இலக்கிய வரலாற்றில் தனித்துக் குறிக்கத்தக்கது.

ஆனால் காப்பிய இலக்கணம் தனக்குரிய விலையைக் கேட்டது. நாட்டுப் படலம் சூதேய நாட்டை மருதநில வளத்தோடு பாடுகிறது. நகரப் படலம் எருசலேமின் மாட மாளிகைகளைப் போற்றுகிறது. வளன் தாவீது மன்னனின் வழித்தோன்றல் என்பது வலியுறுத்தப்படுகிறது. மத்தேயு தந்த அரச மரபு இழையே இங்கு மேலோங்குகிறது எனலாம். பிறப்பைப் பாடும் மகவருள் படலத்திலும் வறிய இடம் மறைக்கப்படவில்லை. வானோர் வாழ்த்தும் இயற்கையின் களிப்பும் சூழ, அது ஒளிபெற்ற இடமாக மாற்றப்படுகிறது. இந்நூலுக்குப் பின்புலமாக அமைந்த ஆகிர்த நகர் மரியாளின் நூலும் இத்தகைய வியப்புணர்வு மிக்கதே.

இதனைப் புலவரின் குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது. சிந்தாமணியையும் கம்பராமாயணத்தையும் கற்ற அவையோர் முன் ஒரு தச்சரைத் தலைவராக நிறுத்த வேண்டுமெனில், அவ்வவை மதிக்கும் அணிகலன்கள் அனைத்தையும் அவருக்குப் பூட்ட வேண்டியிருந்தது. தாழ்வைத் தாழ்வாகவே காட்டும் மொழி அன்றைய காப்பிய மரபில் இல்லை. எனவே தேம்பாவணியில் எளிய பிறப்பு, அரசப் பெருமை உடையவர் விரும்பி ஏற்ற பண்பாகப் பொருள்படுகிறது. தாழ்மை என்னும் அறமாக அது உயர்கிறது. தாழ்நிலை என்னும் இருப்பாக அது நிற்கவில்லை.

5. பெத்லகேம் குறவஞ்சி: குறத்தி சொன்ன குறி

1774-இல் திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்ற வேதநாயக சாஸ்திரியார் 1800-ஐ ஒட்டிப் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். திருகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சி அதற்கு முன்மாதிரி. தலைவன் உலா வருதல், தலைவி காதல் கொள்ளுதல், குறத்தி குறி கூறுதல், சிங்கனும் நூவனும் பறவை பிடித்தல் ஆகிய உறுப்புகள் அனைத்தும் இதில் உண்டு. தலைவன் பெத்லகேம் நாதர், தலைவி தேவமோகினி, குறத்தி விசுவாசத்தின் உருவகம், சிங்கன் குருவானவர், நூவன் உபதேசியார். வலையில் சிக்கும் பறவைகள் மனிதரின் ஆன்மாக்கள்.

இங்கு இரண்டு செய்திகள் நோக்கத்தக்கன. முதலாவது, தலத்தேர்வு. குறவஞ்சி ஒரு தலத்தின் பெருமையைப் பாடும் இலக்கியம். தேம்பாவணியின் நகரப் படலம் எருசலேமைப் பாட, சாஸ்திரியார் பெத்லகேமை நூலின் பெயராக்குகிறார். யூதாவின் சிற்றூர்களுள் ஒன்றென மீக்கா இறைவாக்கினர் சுட்டிய ஊர், குற்றாலத்துக்கு இணையான தலமாகிறது. சிற்றூரே பெருமைக்குரியது என்னும் நற்செய்திக் கருத்து இலக்கிய வகையின் அமைப்பினுள்ளேயே இடம்பெற்றுவிடுகிறது.

இரண்டாவது, குறி சொல்பவரின் நிலை. உயர்குடித் தலைவி தன் கையைக் குறத்தியிடம் நீட்டி உண்மையை அறிய நிற்கும் காட்சியே குறவஞ்சியின் உயிர்நாடி. சமூகத்தில் கீழே வைக்கப்பட்டவள் அறிந்ததை, மேலே இருப்பவள் அறியவில்லை. ஆயருக்கே முதற்செய்தி கிடைத்தது என்னும் லூக்காவின் கூற்றுக்கு இதனினும் பொருத்தமான தமிழ் வடிவம் அமைவது அரிது.

எனினும் உருவகம் ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பறிக்கிறது. குறத்தி விசுவாசமாக மாறியவுடன் அவள் குறவர் குலப் பெண்ணாக இருப்பது பின்னுக்குச் செல்கிறது. இதற்கு வெளியே ஒரு வரலாற்றுச் சூழலும் உண்டு. ஆலயத்தில் சாதிவாரியான இருக்கை வேறுபாட்டை நீக்க இளம் மறைப்பணியாளர் முயன்றபோது, வேளாளரான சாஸ்திரியார் பழைய வழக்கத்தை ஆதரித்து 1820-களில் வாதிட்டார். 1833-இல் ஆயர் டேனியல் வில்சன் திருச்சபையினுள் சாதி வேற்றுமையை விலக்க ஆணையிட்டபோது தஞ்சையில் எதிர்ப்பு எழுந்தது. பெத்லகேமின் எளிமையை இனிய இசையில் பாடிய புலவரே ஆலயத்துக்குள் ஒரே பாயில் அமர்வதை ஏற்கவில்லை. இதனை ஒருவரின் முரண்பாடாக மட்டும் காண்பதைவிட, எளிமையை ஆன்மப் பண்பாகப் பாட முடிந்த மொழி, அதனைச் சமூக இருப்பாக ஏற்க முடியாது நின்ற காலத்தின் சான்றாகக் காண்பதே தகும்.

6. மொழிபெயர்ப்புச் சொற்களின் சான்று

புலவர் அவையைவிட விரிந்த மக்கள் திரளைச் சென்றடைந்தவை விவிலிய மொழிபெயர்ப்புகள். சீகன்பால்கு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சிட்ட புதிய ஏற்பாட்டில் தொடங்கி, பப்ரிசியஸ், ஹென்றி பவர் எனத் திருத்தங்கள் தொடர்ந்தன. பவர் தலைமையில் 1871-இல் நிறைவுற்ற மொழிபெயர்ப்பு சீர்திருத்தச் சபைகளில் நிலைபெற்றது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பு, திண்டிவனம் விவிலிய மறைக்கல்வி வழிபாட்டு நடுநிலையத்தின் வழி வந்தது. கீழ்பென்னாத்தூரையும் செஞ்சியையும் கடந்து செல்லும் அதே நெடுஞ்சாலையில்தான் திண்டிவனமும் உள்ளது.

இவ்விரு மொழிபெயர்ப்புகளின் சொல்தேர்வுகள் மூன்றினை ஒப்பிடலாம்.

முதலாவது, குழந்தை கிடத்தப்பட்ட இடம். பாத்னே என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் பழைய மொழிபெயர்ப்பு ‘முன்னணை’ என்கிறது. திருவிவிலியம் ‘தீவனத் தொட்டி’ என்கிறது. முன்னணை என்பது மாட்டின்முன் தீனி இடும் இடத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். அதன் ஈற்றில் உள்ள ‘அணை’ படுக்கையையும் குறிக்கும். பஞ்சணையில் கிடத்தப்பட வேண்டியவர் முன்னணையில் கிடந்தார் என்னும் எதிரொலி அதில் இயல்பாகவே கேட்கிறது. அழகிய சொல்லாயினும், பேச்சுவழக்கில் அருகியதால் அது ஆலயச் சொல்லாகவே ஒடுங்கியது. தீவனத் தொட்டியில் அவ்வழகு இல்லை. ஆனால் அதனைக் கேட்ட உழவர் உள்ளத்தில் வைக்கோலின் வாடையும் எருவின் ஈரமும் உடனே தோன்றும்.

இரண்டாவது, இடம் கிடைக்காத விடுதி. லூக்கா கையாளும் கத்தாலுமா என்னும் சொல், இறுதி இராவுணவு நிகழ்ந்த விருந்தினர் அறையையும் குறிப்பது. நல்ல சமாரியர் உவமையில் வரும் பயணியர் விடுதிக்கு அவர் பந்தொக்கியோன் என்னும் வேறு சொல்லை ஆள்கிறார். பழைய மொழிபெயர்ப்பு கத்தாலுமாவைச் ‘சத்திரம்’ என்றது. திருவிவிலியம் ‘விடுதி’ என்றது. கிரேக்க மூலத்துக்குச் சத்திரம் முற்றும் பொருந்தாவிடினும், தமிழ்ச் சூழலில் அது ஒரு கூர்மையைச் சேர்த்தது. சத்திரங்கள் பலவற்றில் உணவும் உறைவிடமும் சாதிமுறைப்படியே வழங்கப்பட்டன. சத்திரத்தில் இடமில்லை என்பதன் பொருளை ஒடுக்கப்பட்ட மக்களுக்கு எவரும் விளக்கத் தேவை இருந்திராது.

மூன்றாவதே மிக முக்கியமானது. மரியாளின் புகழ்ப்பாடலில் வரும் தபெய்னோசிஸ் என்னும் சொல் பணிவு என்னும் பண்பைவிட, தாழ்த்தப்பட்ட இருப்பையே குறிக்கிறது. அப்பாடலிலேயே அரியணையில் இருப்போருக்கு எதிராகத் தாழ்ந்தோர் நிறுத்தப்படுவதும், செல்வருக்கு எதிராகப் பசித்தோர் நிறுத்தப்படுவதும் இதனை உறுதிசெய்கின்றன. பழைய மொழிபெயர்ப்பு இங்குத் ‘தாழ்மை’ என்றது. திருவிவிலியம் ‘தாழ்நிலை’ என்றது. தாழ்மை எனில் இறைவன் ஒரு பெண்ணின் அடக்கத்தை மெச்சினான் என்றாகும். தாழ்நிலை எனில் அவள் வைக்கப்பட்டிருந்த நிலையைக் கண்டு அதனை மாற்ற முற்பட்டான் என்றாகும். ஒரு சொல்லின் மாற்றத்தில் ஓர் இறையியல் மாற்றமே அடங்கியுள்ளது.

7. குடிலும் கொட்டாயும்

நூல்வழக்கினின்று வட்டார வாழ்வுக்கு வருவோம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தின் காலத்திலும் அதன் பின்னும் ஆற்காட்டுப் பகுதிகளில் பெருந்திரளானோர் கிறித்தவம் தழுவினர். கீழ்பென்னாத்தூருக்கு வடகிழக்கே உள்ள சேத்துப்பட்டை நடுவிடமாகக் கொண்டு பாரிசு மறைப்பணிக் கழகத்தின் டாரஸ் அடிகளார் பணியாற்றினார். திருவண்ணாமலையில் டேனிஷ் மறைப்பணியாளர் பள்ளிகள் நடத்தினர். இவ்வட்டாரத்தில் திருச்சபையில் சேர்ந்தோருள் பெரும்பாலோர் நிலமற்ற, தீண்டாமைக்கு ஆட்பட்ட உழைப்பாளர்.

இவர்கள் தேம்பாவணி படித்தோர் அல்லர். அவர்களுக்கு மீட்பரின் பிறப்பு, கேட்ட கதையாகவும் கண்ட குடிலாகவும் வந்தது. 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அசிசி நகர் பிரான்சிசு பிறப்புக்காட்சியை அமைத்துக் கொண்டாடியதன் வழி பரவிய வழக்கம் இது. தமிழகத்துக்கு வந்தபோது அதற்குக் ‘குடில்’ என்னும் பெயர் அமைந்தது. மூலநூலின் தீவனத் தொட்டியும், மரபின் குகையும், ஓவியங்களின் தொழுவமும் ஒதுங்க, ஓலை வேய்ந்த மனித வாழிடம் அவ்விடத்தைப் பெற்றது. இப்பெயர்மாற்றத்தில் நுட்பமான ஒரு விளக்கவுரை உள்ளது. வட மாவட்டப் பேச்சில் மாடு கட்டும் இடம் ‘கொட்டாய்’. வயல்வெளியில் மக்கள் குடியிருக்கும் கூரைவீட்டுக்கும் அதே சொல் வழங்குவதுண்டு. மாட்டுக்கும் மனிதருக்கும் ஒரே கூரையாக இருந்த வாழ்வில், மீட்பர் கொட்டாயில் பிறந்தார் என்பது விந்தைச் செய்தியன்று. அவர் நம்மிடத்தில் பிறந்தார் என்னும் உறவுச் செய்தி.

அவ்வுறவு அவர்களின் புற நிலையை முற்றும் மாற்றிவிடவில்லை. கல்லறையிலும் ஆலயத்திலும் சாதிப் பிரிவுகள் தமிழகத்தின் பல இடங்களில் நீடித்தன. அரசமைப்பின் 1950-ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, கிறித்தவம் தழுவிய தலித் மக்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்துகிறது. சீக்கியர் 1956-இலும் பௌத்தர் 1990-இலும் அதனுள் சேர்க்கப்பட்டனர். தாழ்நிலையில் பிறந்த மீட்பரை ஏற்றதால் தம் தாழ்நிலைக்குரிய சட்டப் பாதுகாப்பை இழந்த முரணில் இம்மக்கள் வாழ்கின்றனர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த தலித் இறையியல், பெத்லகேம் நிகழ்வைப் பண்பின் பாடமாகக் கொள்ளாமல் இருப்பின் பாடமாக வாசித்ததற்கு இச்சூழலே காரணம்.

8. முடிவுரை

தேம்பாவணி எளிய பிறப்பைக் காப்பியப் பெருமையால் ஏற்றியது. பெத்லகேம் குறவஞ்சி சிற்றூரைத் தலமாக்கியது; உண்மையைச் சொல்லும் உரிமையைக் குறத்திக்குக் கொடுத்துப் பின் அவளை உருவகத்துள் கரைத்தது. மொழிபெயர்ப்பு வரலாறு தாழ்மையிலிருந்து தாழ்நிலைக்கு நகர்ந்தது. மக்கள் வழக்கு, குடில் என்னும் ஒற்றைச் சொல்லால் பிறப்பிடத்தைத் தம் வாழிடமாகக் கண்டது.

இவ்வேறுபாட்டை உணர்வதற்கான அளவுகோல் தமிழ் மரபிலேயே உண்டு. செல்வம் பெருகியபோது பணிவு வேண்டும், அது சுருங்கியபோது தலைநிமிர்வு வேண்டும் என மானம் அதிகாரத்தில் வள்ளுவர் அறுதியிடுகிறார். பணிவு இருப்பவரிடம் கேட்கப்படுவது; இல்லாதவருக்கு உரியது உயர்வு. இவ்வளவுகோலால் நோக்கினால் மீட்பரின் பிறப்பில் இரண்டு நிகழ்வுகள் ஒருங்கே அமைகின்றன. மேலிருந்தவர் பணிந்தார், அப்பணிவால் கீழிருந்தவர் நிமிர்ந்தனர். முன்னதை மட்டும் எடுத்து வறியவருக்கே பணிவைப் போதிக்கும் வாசிப்பு, லூக்காவின் நோக்கினின்றும் குறளின் அறத்தினின்றும் ஒருசேர விலகுவதாகும்.

தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தை ஆராய்வோர் தாழ்மை, எளிமை, தாழ்ச்சி ஆகிய சொற்களைக் காணும் இடந்தோறும் அவை பண்பைச் சுட்டுகின்றனவா, நிலையைச் சுட்டுகின்றனவா எனப் பிரித்தறிதல் இன்றியமையாதது. கீழ்த்திசை நாடுகளின் சமயச் சொற்களஞ்சியம் பற்றிய ஒப்பாய்வுகளுக்கும், வட ஆற்காட்டுக் கிறித்தவரின் வாய்மொழி வழக்குகளைத் திரட்டும் களஆய்வுகளுக்கும் இப்பகுப்பு உதவும்.